மோப்பமும் எவர்சில்வர் பாட்டிலும்

பால் கம்பெனியின் பெண்கள் வாசலில் நிற்கிற காவல்காரிக்கு மோப்பம் என்று பட்டப்பெயர் வைத்தவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதும் அவள் வேலையில் ஒரு பங்கு.

ஆள் ஒல்லி. காக்கிச் சட்டை தோளில் நிற்காமல் வழுக்கும். ஆனால் கண் மட்டும் ஆணி அடித்தது போல ஓர் இடத்தில் நிற்கும். ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையில் வரும்போது அவள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. நடையைப் பார்ப்பாள். இடுப்பில் பால் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டவள் வயிறு உள்ளே இழுத்து நடப்பாள். தலைக்கு எண்ணெய் என்று சொல்லிக் க்ரீம் எடுத்துப் போகிறவள் வரிசையில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். மழை இல்லாத நாளில் குடை கொண்டு வருகிறவளை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். அப்படி ஒரு குடையிலிருந்து ஒரு தடவை வெண்ணெய் சொட்டியது.

வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிற அவள் கணவன் சொல்வான்: "கல்யாணத்தன்னிக்கு என் கையப் பிடிக்கிறதுக்கு முன்னாடி என் பையத் தடவிப் பாத்தவ நீ."

"பாத்ததுனாலதான் உள்ள பீடி இருந்தது தெரிஞ்சுது" என்பாள் அவள்.

கம்பெனிக்கு வாசலைப் பொறுத்தவரை இரண்டே விதிகள். உள்ளே இருக்கிற பால் வெளியே போகக் கூடாது. வெளியே இருக்கிற பால் உள்ளே வரக் கூடாது. முதல் விதி திருட்டுக்காக. இரண்டாவது தொட்டிக்காக. கெட்டுப்போன வெளிப்பால் ஒரு சொம்பு கலந்தால் போதும், ஒரு தொட்டிப் பாலும் சாக்கடைக்குத்தான் போகும். இந்த இரண்டு விதிகளையும் மோப்பம் மனப்பாடம் செய்யவில்லை. அவளுக்கு அவை மூச்சு மாதிரி.

பேக்கிங்கில் வேலை செய்கிற அந்தப் பெண் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பி வந்த நாளே மோப்பத்தின் கண்ணில் பட்டாள். விடுப்புக்கு முன்னால் வாயாடி இல்லை என்றாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிற பெண். இப்போது தரையைப் பார்த்தே வந்தாள். பையில் ஒரு சின்ன எவர்சில்வர் பாட்டில். மூடியைத் திருகிப் பார்த்தாள் மோப்பம். காலி. நன்றாகக் கழுவிக் காயவைத்த வாசம்.

"தண்ணி கொண்டு வரலியா?"

"உள்ள பிடிச்சுக்குவேன் அக்கா."

சாதாரணப் பதில்தான். ஆனால் உள்ளே குடிநீர்க் குழாய் பக்கத்தில் டம்ளர்கள் சங்கிலியில் கட்டித் தொங்குகின்றன. அத்தனை பேரும் அதில்தான் குடிக்கிறார்கள். இவளுக்கு மட்டும் எதற்குத் தனிப் பாட்டில்? மோப்பம் அந்தக் கேள்வியை மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பேக்கிங் சூப்பர்வைசரே வாசலுக்கு வந்தார். மணிக்கட்டைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார், அதனால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"அந்தப் பொண்ணு மேல ஒரு கண்ணு வை. மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதே காணாமப் போயிடுறா. கேட்டா பாத்ரூம்ங்கறா. பாத்ரூம்ல என்ன குடித்தனமா நடத்துறா?"

"எந்தப் பக்கம் போறா சார்?"

"கோட்டு மாட்டுற ரூம் பக்கம். அங்கேருந்து கோல்டு ரூம் வழியா வர்றா."

குளிர் அறை என்றதும் மோப்பத்துக்குக் காது நிமிர்ந்தது. தொட்டியிலிருந்து எடுக்கும் பால் பாக்கெட்டாகி வண்டிக்குப் போகும்வரை அடுக்கி வைக்கிற இடம் அது. காலிப் பாட்டில், குளிர் அறை, குனிந்த தலை. மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அன்று சாயங்காலம் வரிசை நீளமாக இருந்தது. பக்கத்து வாசலில் ஆண்களின் வரிசை. நடுவில் இடுப்பளவு கம்பி மட்டும். அந்தப் பெண் கடைசிக்குக் கடைசியாக வந்தாள். பைக்குள் கைவிட்ட மோப்பத்தின் விரலில் சில்லென்று பட்டது பாட்டில். கனமாக இருந்தது.

"என்ன இது?"

"தண்ணி."

மோப்பம் மூடியைத் திருகினாள்.

"தண்ணி எப்பலேருந்து வெள்ளையாச்சு?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

"வீட்டுலேருந்து கொண்டு வந்தேன்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

"காலையில நான்தானே திறந்து பாத்தேன். காலியா இருந்துச்சு. கழுவின ஈரம்கூட இல்ல."

மோப்பத்துக்குத் திருப்தியாக இருந்தது. கணக்கு அத்தனை சுத்தம். காலையில் காலி. சாயங்காலம் நிறைவு. இந்தச் சுவருக்குள் வெள்ளையாக ஒன்று இருந்தால் அது கம்பெனித் தொட்டியில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். வேறு எங்கிருந்து வரும்? இத்தனை வருஷம் பாலுக்குக் காவல் நின்ற எவளுக்கும் அதற்கு மேல் யோசனை ஓடாது.

"அக்கா, உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்" என்றாள் அந்தப் பெண்.

பிடிபட்டவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். தனியாகப் போனால் காலைப் பிடிப்பார்கள், பிள்ளை மேல் சத்தியம் செய்வார்கள். "சொல்றத லேப்ல சொல்லு" என்று பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள் மோப்பம்.

லேப் என்பது பால் சோதிக்கிற அறை. அங்கே இருப்பவர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற மனிதர். மிஷின் என்ன சொன்னாலும் கடைசியில் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் சொட்டு சார். கடிகாரமும் செய்தி கேட்டு வந்து சேர்ந்துவிட்டார்.

"எந்தத் தொட்டிலேருந்து எடுத்தான்னு பாருங்க சார்" என்றார் கடிகாரம். "இப்பவே முடிச்சிடலாம். ஆறு மணி ஆகப் போகுது."

சொட்டு சார் பாட்டிலிலிருந்து மிஷின் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினார். மிஷின் முனகியது. எண்கள் வந்தன. அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பார்த்தார்.

"கொழுப்பு சரியா இருக்கு. மத்ததெல்லாம் சரியில்லையே. மிஷின் கழுவல போல."

கழுவிவிட்டு மறுபடியும் ஊற்றினார். அதே எண்கள்.

"நம்ம தொட்டிப் பால் எதுவும் இப்படி இல்ல. தண்ணி கலந்தா கொழுப்பும் இறங்கணும். இது இறங்கல." ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். மோந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார்.

மோப்பம் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிபட்டவர்களின் கண் போகும் இடங்கள் அவளுக்குத் தெரியும். ஒன்று வாசலுக்குப் போகும். இல்லையென்றால் தீர்ப்பு சொல்லப்போகிறவர் முகத்துக்குப் போகும். இவள் கண் இரண்டுக்கும் போகவில்லை. பாட்டில் மேலேயே இருந்தது. சொட்டு சார் பாட்டிலைச் சாய்க்கும்போதெல்லாம் அவள் உதடு லேசாகத் துடித்தது. திருட்டுப் பால் போனால் எந்தத் திருடி அழுவாள்?

இது புதிதாக இருந்தது. புதிதாக இருக்கிற எதுவும் மோப்பத்துக்குப் பிடிக்காது.

சொட்டு சார் கடைசியில் ஸ்பூனை எடுத்தார். ஒரு சொட்டு நாக்கில் விட்டார். கண்ணை மூடினார். சப்புக்கொட்டினார்.

"இனிக்குது" என்றார். "சர்க்கரை போட்டிருக்காங்க. யாரோ கெட்டிக்காரன் கலந்த பால் இது. நம்ம பாலே இல்ல."

"வெளிப்பாலா?" கடிகாரம் நிமிர்ந்தார். "அப்ப இது திருட்டு இல்ல சார், அதுக்கும் மேல. கலப்படப் பால உள்ள கொண்டு வந்து கோல்டு ரூம்ல வச்சிருக்கா. நம்ம பேரக் கெடுக்கிறதுக்கு யாரோ ஆள் அனுப்பியிருக்காங்க. போலீசுக்குச் சொல்லிடலாம்."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். குளிருக்குக் கட்டுவது போல இல்லை அது. மறைக்கக் கட்டுவது போல இருந்தது. மறைக்கிற கையைக் கண்டால் மோப்பத்தின் கண் சும்மா இருக்காது. பார்த்தாள். கையின் விளிம்பில், வெள்ளைக் கோட்டின் துணியில், ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும்.

"எந்த மாட்டுப் பால்னே தெரியலையே. இன்னொரு சோதனை போட்டுப் பாத்துடலாம்" என்று சொட்டு சார் மறுபடி பாட்டிலுக்குக் கை நீட்டினார். மோப்பம் பாட்டிலின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"போதும் சார்."

"ஏன்?"

"அது மாட்டுப் பாலே இல்ல சார்."

சொட்டு சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அவள் கோட்டைப் பார்த்தார், கையில் இருந்த ஸ்பூனைப் பார்த்தார். அதை ஓசை இல்லாமல் மேஜையில் வைத்துவிட்டுக் குழாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வாய் கொப்பளிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் குழாயைத் திறந்து மூடினார்.

அந்தப் பெண் முன்னால் வந்து மோப்பத்தின் கைக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டாள். ஆட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு மடக்கு சத்தம் போட்டது.

"நாளைக்குப் பகலுக்கு இதுதான்" என்றாள். "மாவுப் பால் குடுத்தா குழந்தை வாந்தி எடுக்குது. மாமியார் இதத்தான் ஊட்டுவாங்க."

கடிகாரம்தான் முதலில் தேறினார்.

"அது எப்படியோ போகட்டும். மிஷின விட்டுட்டுப் போனது போனதுதானே? பொய் சொன்னது பொய்தானே? நாளைக்கு மேனேஜர்கிட்ட வந்து சொல்லு. இருக்கிறதா போறதான்னு அவர் சொல்லட்டும்."

அன்று வீட்டில் மோப்பம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "யாரையாவது பிடிச்சியா?" என்று வழக்கம்போலக் கேட்டான் கணவன்.

"பிடிச்சேன். ஒரு குழந்தையோட சாப்பாட்ட."

விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தன ஆம்பள நிக்கறான். என்னன்னு சொல்லுவா? தனியா சொல்றேன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

அவள் மகன் பிறந்தபோது இன்னொரு கம்பெனி வாசலில் வேலை. மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். வலி தானாக அடங்கியது, பாலும் அடங்கியது. யாரிடமும் எதுவும் கேட்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் சாட்சிக்கு அவளும் நின்றாள். மேனேஜர் எதையும் மெதுவாகப் பேசுகிறவர். கடிகாரம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். வேலை போய்விடும் என்ற பயம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"திரும்பி வந்த அன்னிக்கே சூப்பர்வைசர் சார்கிட்ட கேட்டேன் சார். வேலைக்குத் திரும்புற அம்மாவுக்குப் பால் எடுக்க நேரமும் மறைவா ஒரு இடமும் குடுக்கணும்னு சட்டம் இருக்காம். பிரசவ வார்டு நர்ஸ் சொன்னாங்க. சார் பாக்கலாம்னாரு. அப்புறம் கேட்டப்போ பாத்ரூம் இருக்குல்லன்னாரு. குழந்தை குடிக்கிறத பாத்ரூம்ல எப்படி சார் எடுக்கிறது? அதான் கோட்டு ரூம்ல கதவுக்கு முதுகக் குடுத்து உக்காந்து எடுத்தேன். கெட்டுப்போகக் கூடாதுன்னு பாட்டில கோல்டு ரூம்ல வச்சேன்."

மோப்பம் முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டாள். இப்படி ஒரு சட்டம் இருந்தால் இத்தனை வருஷத்தில் காதில் விழாமலா போகும்? பயத்தில் பெண் எதையாவது ஜோடிக்கிறாளோ?

பிறகு மேனேஜரைப் பார்த்தாள். அவர் எந்தச் சட்டம் என்று கேட்கவில்லை. அப்படியா என்று வியக்கவில்லை. நர்ஸ் சொன்னால் ஆச்சா என்று மறுக்கவும் இல்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டு, "சரி, அத நாம இப்ப பெரிசு பண்ண வேண்டாம்" என்றார்.

புதுச் செய்தி கேட்கிறவன் முகம் இப்படி இருக்காது. பைக்குள் பாக்கெட் இருப்பது தெரிந்தே வரிசையில் வருகிறவள் முகம்தான் இப்படி இருக்கும். இவருக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார். மோப்பத்தின் பார்வை அந்தப் பெண்ணை விட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் ஆணி அடித்துக்கொண்டது.

"சார்" என்றாள். சாட்சிக்கு வந்தவள் கேட்காமல் பேசுவது வழக்கமில்லை. "அப்ப இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு எழுதித் தருவீங்களா, இல்ல வாய்ல சொல்றதோட சரியா?"

மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தார்.

"தப்பு இல்ல. வேலையில இருக்கட்டும். பேக்கிங் சாமான் வைக்கிற சின்ன ரூம ஒழிச்சுத் தரச் சொல்றேன். நேரமும் தருவோம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பாட்டிலுக்கு வாசல்ல சோதனை வேண்டாம். போதுமா?"

எழுதித் தருவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவே இல்லை. கேட்டதற்கு மேலேயே வேறு எல்லாம் கொடுத்துவிட்டார். அதுவும் மோப்பத்துக்குப் பிடிக்கவில்லை. சும்மா கிடைக்கிற சுண்ணாம்பையும் தடவிப் பார்த்து வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. பாட்டிலுக்குச் சோதனை இல்லை என்றால் நாளைக்கு வேறொருத்தி அதே மாதிரி பாட்டிலில் க்ரீம் கொண்டு போவாள், அதையும் அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை ஊறத்தான் செய்யும். ஊறட்டும் என்று விட்டுவிட்டாள்.

அறையை ஒழித்துவிட்டோம் என்று சொன்னதும் வரிசையில் வரும் பையைப் பார்ப்பது போல அதைப் பார்க்கப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து அதைத் திருப்பிப் போட்டுக் காலை ஆட்டினாள். ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளியே போய் நின்று, காகிதம் எட்டாத இடத்தில் எம்பிப் பார்த்தாள். கதவுக்கு மேலே காற்றுக்கு விட்ட சந்து. அதன் கீழே ஸ்டூல் போட்டு ஏறினால் உள்ளே தெரியும். தச்சரைக் கூப்பிட்டாள்.

"இங்க ஒரு பலகை அடி. தாழ்ப்பாள் எங்க?"

"வெளியில இருக்குல்ல."

"உள்ள உக்காந்திருக்கிறவ வெளியில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா உக்காருவா? நீ உன் வீட்ல குளிக்கும்போது அப்படித்தான் குளிக்கிறியா?"

தச்சர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே தாழ்ப்பாள் அடித்தார்.

அந்தப் பெண் வந்தாள். அறை வாசலில் நின்றாள். உள்ளே நுழையவில்லை. மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மோப்பத்தின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"சாவி உங்ககிட்டயே இருக்குமா அக்கா?"

"மேனேஜர் அப்படித்தான் சொன்னாரு."

"அப்ப ஒவ்வொரு தடவையும் நான் வாசலுக்கு வந்து உங்களக் கேக்கணும். எல்லாரும் பாப்பாங்க. நீங்க இல்லாத ஷிப்ட்ல?"

மோப்பம் சாவியை இறுக்கிப் பிடித்தாள். சாவியைக் கொடுத்துப் பழக்கமில்லை. இவள் தன்னை நம்பவில்லை என்பது சுருக்கென்று தைத்தது. யோசித்துப் பார்த்தால் நம்ப என்ன காரணம் இருக்கிறது? பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேப்புக்கு நடந்தது யார்? சாவியை நீட்டினாள்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். வாங்கியும் நகரவில்லை.

"பூட்டுக்கு ரெண்டு சாவி வருமே அக்கா. இன்னொண்ணு?"

மோப்பத்துக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. இத்தனை பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை. இருவரும் பேக்கிங் பக்கம் போனார்கள். கடிகாரத்தின் இடுப்பு வளையத்தில் அந்தச் சாவி தொங்கியது. புதுப் பித்தளை, மற்றவற்றோடு சேராமல் தனியாக மின்னியது.

"சார், அந்த ரூம் சாவி" என்று மோப்பம் கை நீட்டினாள்.

"அது ஒரு அவசரத்துக்கு என்கிட்ட இருக்கட்டும்."

"பொம்பள பால் எடுக்கிற ரூம்ல உங்களுக்கு என்ன சார் அவசரம்?"

வரிசையில் நின்ற பெண்களின் கை பாக்கெட்டுகள் மேல் அப்படியே நின்றது. எங்கோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். அதில் பதில் இல்லை. வளையத்திலிருந்து சாவியை நகம் நோகக் கழற்றிக் கொடுத்தார்.

அந்தப் பெண் இரண்டு சாவிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மோப்பம் அங்கிருந்து போயிருக்கலாம். போகவில்லை. தச்சர் முணுமுணுத்துக்கொண்டே அடித்த ஆணி எப்படி இருக்கிறதோ. தோளைக் கொடுத்துக் கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"யாரு?" உள்ளிருந்து குரல் பதறியது.

"நான்தான். தாழ்ப்பாள் நிக்குதான்னு பாத்தேன்."

"நிக்குது அக்கா. நீங்க போங்க."